ரீல்ஸுக்கு 40 ஆயிரம் வியூஸ், சிப்ஸ் எத்தன கிலோ போச்சு?

மார்த்தாண்டம் பக்கம் சித்தப்பாவுக்கு ஏத்தங்கா (நேந்திரங்காய்) சிப்ஸ் கடை, அதோட இன்ஸ்டா பேஜ பாத்துக்கறது நான். கொதிக்கிற தேங்காண்ணெய்ல உப்புத்தண்ணி ஊத்துவாங்கல்ல, அந்தச் சடசட சத்தத்த வச்சு ஒரு ரீல்ஸ் போட்டேன், 40 ஆயிரம் வியூஸ் தாண்டிட்டு. சித்தப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, "லேய் மக்கா, இதுல எத்தன கிலோ போச்சு?" நான் முழிச்சேன்.

முதல் தப்பு அதுதான், வியூஸ ஆளுன்னு நெனச்சுக்கறது. ஒரே ஆளு நாலு தடவ பாத்தா வியூஸ் நாலு, எத்தன பேரு பாத்தாங்கன்னு எண்ணுற ரீச்லதான் அவரு ஒரு ஆளு.

அடுத்தது விற்பனைய லாபம்னு எண்ணுறது, இதுல நானும் நல்லா மாட்டிருக்கேன். சும்மா ஒரு கணக்குப் போடுவோம். இன்ஸ்டால, தொட்டா வாட்ஸ்அப் சாட் தொறக்குற விளம்பரம் 3000 ரூவாக்குப் போடுறீங்க, அதுக்கு 18% ஜிஎஸ்டி 540 தனி, ஆக 3540. அறுபது பேர் மெசேஜ் பண்ணுனாங்கன்னு விளம்பரக் கணக்கு காட்டுற ஆட்ஸ் மேனேஜர் பச்சையா காட்டும், அதுல முக்காவாசிப் பேரு "ரேட் என்ன"ன்னு கேட்டுட்டு ஆளக் காணோம். 12 ஆர்டர், ஒண்ணு 400 ரூவான்னா 4800 வந்துட்டு, ஜெயிச்சாச்சுன்னு தோணும். ஆனா காய், எண்ணெய், கேஸ், கூலி, கொரியர் எல்லாம் போக ஆர்டருக்கு நூறு நின்னா கையில 1200தான், 2340 நஷ்டம். அதுக்குன்னு உடனே விளம்பரத்த நிறுத்தவும் வேண்டாம், அந்த 12 பேர்ல 5 பேரு மாசாமாசம் ஒருக்கா வாங்குனா அஞ்சு மாசத்துல 2500 வந்து அடைஞ்சிரும். அதனால அந்த நம்பர எல்லாம் வாட்ஸ்அப் பிசினஸ்ல லேபிள் போட்டு வைங்க, இல்லன்னா யாரு திரும்ப வந்தான்னே தெரியாது.

அப்புறம் ஓணம். நமக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளா, ஓணத்துக்கு சிப்ஸ் எப்படியும் போகும், அந்த மாசம் பூஸ்ட் (காசு குடுத்து போஸ்ட்ட நெறைய பேருக்குக் காட்டுறது) போட்டுட்டு "பாத்தீங்களா சித்தப்பா"ன்னா அது ஓணத்தோட புண்ணியம். போன வருசம் ஓணத்துக்கு எவ்வளவு போச்சோ அதோட ஒப்பிடணும். வெப்சைட்ல விக்கிறவங்களும் கவனிங்க, விளம்பரத்த கிளிக் பண்ணி 7 நாளுக்குள்ள, இல்ல சும்மா பாத்து 1 நாளுக்குள்ள வாங்குனா இன்ஸ்டாவோட கம்பெனி மெட்டா அத தன் கணக்குலதான் எழுதும், அவரு எப்படியும் வாங்கிருப்பாரான்னு அதுக்குத் தெரியாது.

இதுக்கு நேர்மாறா ஒரு தப்பும் இருக்கு. துபாய், சவுதின்னு கெடக்குற நம்ம ஊர்ப் பயலுவ ஹார்ட் போட்டு "ஊர் ஞாபகம் வந்துட்டு"ன்னு எழுதுவானுவ, ஆர்டர் வராது, வேஸ்ட்டுன்னு நான் தள்ளிட்டேன். ஒரு நாளு ஒரு அம்மா கடைக்கு வந்து ரெண்டு கிலோ கேட்டாங்க, மவன் லீவு முடிஞ்சு போற கூட்டுக்காரங்க கையில குடுத்து விடச் சொன்னானாம், எங்க வீடியோவ அவன்தான் காட்டுனானாம். இன்ஸ்டால இது எந்த நம்பர்லயும் வராது. கல்லா பக்கத்துல ஒரு நோட்டு கட்டித் தொங்கவிட்டு, புது ஆளு வந்தா எப்படித் தெரியும்னு கேட்டு ரீல்ஸ், கூகுள் மேப், ரோட்டுல போறப்ப பாத்ததுன்னு கோடு போட்டு வந்தோம். இப்ப "மவன் சொன்னான்"னு தனியா ஒரு பத்தி சேத்திருக்கு, சித்தப்பா கையெழுத்துல.