ஏப்ரல் வெயிலை நம்பி மண்வெட்டியைத் தூக்காதீர்கள்

ஏப்ரல் நடுப்பகுதியில் ரொறன்ரோவில் ஒரு சனிக்கிழமை திடீரென்று 18 பாகை வெயில் எறிக்கும். மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த எங்கள் ஆட்கள் அன்றைக்கே பின்வளவுக்குள் இறங்கிவிடுவார்கள். ஸ்காபரோவில் வேலிக்கு வேலி மண் கொத்தும் சத்தம் கேட்கும். அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் கோடையில் கத்தரி காய்க்காமல் நிற்பதற்கான காரணம் பல வீடுகளில் அந்தச் சனிக்கிழமையில்தான் தொடங்குகிறது. ஊரில் மண் குளிர்ந்து கிடக்கும் என்ற நினைப்பே எங்களுக்கு இருந்ததில்லை. இங்கே காற்று ஒரே நாளில் சூடாகும். மண் சூடாகக் கிழமைகள் எடுக்கும்.

ஈர மண்ணைக் கொத்துவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. இந்தப் பக்கத்து வளவுகள் பல களிமண். அதற்கு மேல் மெல்லிய படையாகக் கொஞ்சம் நல்ல மண் இருக்கும், அவ்வளவுதான். பனி உருகிய தண்ணீர் அதற்குள் நின்றுகொண்டிருக்கும்போது கொத்தினால், ஏன், மிதித்தால்கூட, காற்றும் நீரும் போகிற சிறு இடைவெளிகள் நசிந்துவிடும். ஜூனில் அது செங்கல் மாதிரி இறுகிவிடும், வேர் உள்ளே இறங்காது. அந்த வருடம் முழுக்க அதைத் திருத்தவும் முடியாது.

சரி, எப்போது கொத்தலாம்? அரையடி ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடியுங்கள். கையை விரித்துப் பெருவிரலால் மெல்லத் தட்டுங்கள். பதமாகக் குழைத்த புட்டுமா போல உதிர்ந்தால் கொத்தலாம். விரல் அடையாளத்தோடு பிடிகொழுக்கட்டை போல அப்படியே இருந்தால் மண்வெட்டியைத் திரும்பக் கராஜில் வையுங்கள். நாலைந்து நாள் கழித்து மறுபடி பாருங்கள். களிமண்ணை இளக்க மணல் கலக்கிறவர்களும் இருக்கிறார்கள். கொஞ்சமாகக் கலந்த மணல் களியோடு சேர்ந்து இன்னும் இறுகும். வருடா வருடம் இரண்டு மூன்று அங்குலத்துக்கு மக்கிய கூட்டெரு போடுவதுதான் வழி.

அடுத்தது அவசர நடுகை. ஒரு வருடம் மே முதல் கிழமையில் நல்ல வெயிலைப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு தக்காளிக் கன்றுகளை நட்டேன். இரண்டாம் இரவு உறைபனி. விடியப் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் அவித்த கீரை போலக் கறுத்துத் தொங்கியது. மார்ச்சிலிருந்து யன்னலோரம் வைத்து வளர்த்த கன்றுகள் அவை. அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. மே 25க்கு முந்திய திங்களன்று வரும் விக்டோரியா நாள் விடுமுறை வரை காத்திருங்கள் என்று இங்குள்ள பழைய தோட்டக்காரர்கள் சொல்வது இதனால்தான்.

அந்த நாளும் ஒரு கணக்குத்தான், மண்ணையும் பார்க்க வேண்டும். ஒரு சாதாரண மண் வெப்பமானி வாங்கி, காலையில் நாலு அங்குல ஆழத்தில் குத்திப் பாருங்கள். தக்காளிக்கு 15 பாகையாவது வேண்டும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் 18, வெண்டிக்கு 20. உறைபனி இல்லாவிட்டாலும் குளிர்ந்த மண்ணில் நட்ட கத்தரி அசையாமல் அப்படியே நிற்கும்; இரண்டு கிழமை பிந்தி நட்ட கன்று அதை முந்திப் போய்விடும். வெண்டி விதை அழுகியே போகும். கை சும்மா இருக்காது என்றால் ஏப்ரலில் பட்டாணி, முள்ளங்கி, கொத்தமல்லி, ஸ்பினாச் போடலாம். கீரைதானே என்று முளைக்கீரையையும் சேர்த்துத் தூவாதீர்கள், அதற்குச் சூடு வேண்டும்.

வீட்டுக்குள் வளர்த்த கன்றை நேரே வெயிலுக்குள் இறக்குவதும் பிழை. முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஏழெட்டு நாளில் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் இலை வெளிறிக் காய்ந்துவிடும்.

ஊர்ப் பழக்கத்தில் அடுப்புச் சாம்பலைப் பாத்தியில் கொட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். தெற்கு ஒன்ராறியோ மண் பெரும்பாலும் சுண்ணாம்புத் தன்மை உள்ளது. சாம்பலும் சுண்ணாம்பும் அதை இன்னும் காரமாக்கும். இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாமல் இலை மஞ்சளாகும். மண்ணைப் பரிசோதிக்காமல் இரண்டையும் போடாதீர்கள். பச்சை எருவும் அப்படித்தான். வசந்தத்தில் போட்டால் வேரைச் சுடும், கிருமியும் கீரையில் ஏறும். அதை இலையுதிர் காலத்தில் போட்டு மக்க விடுங்கள்.

வெயில் நன்றாக விழுகிற மூலை ஒன்றுதான் இருக்கும், அங்கேயே வருடா வருடம் கத்தரி நடுவோம். கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றுக்கு வந்த வாடல் நோயின் பூஞ்சணம் மண்ணில் பல வருடம் கிடந்து அடுத்ததைப் பிடிக்கும். மூன்று வருடமாவது அந்த இடத்தில் பயற்றையோ வெங்காயத்தையோ போடுங்கள். இடமே இல்லையென்றால் கத்தரியைப் பெரிய வாளிகளில் புது மண் போட்டு வளர்க்கலாம், நன்றாகவே காய்க்கும். பக்கத்து வளவில் கறுப்பு வால்நட் மரம் நின்றாலும் தக்காளிப் பாத்தியைத் தள்ளி வையுங்கள். அதன் வேரிலிருந்து வரும் சாறு தக்காளிக்கு ஆகாது.

பாகலுக்கும் புடலைக்கும் பந்தல் போடுகிறவர்கள் பந்தல் கால்களை நட்டுவிட்டுத்தான் கன்றை நட வேண்டும். கொடி ஓடத் தொடங்கிய பிறகு குழி தோண்டினால் வேர் அறும். தோண்டுவதற்கு ஒரு கிழமைக்கு மேல் இருக்கும்போதே ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) என்ற சேவைக்கு அறிவியுங்கள். எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே ஓடுகின்றன என்று நிலத்தில் நிறம் அடித்து அடையாளம் வைத்துவிட்டுப் போவார்கள். அதற்குக் காசு இல்லை.