ஒற்றனுக்குக் காதல் வந்தால்: திரைக்கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உளவையும் காதலையும் சேர்த்து எழுதப்படும் திரைக்கதைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. பத்து நிமிடம் உளவு, அப்புறம் ஐந்து நிமிடம் காதல், மறுபடி உளவு. காதல் காட்சிகளை எல்லாம் உருவி எடுத்துவிட்டுக் கதையைப் படித்துப் பாருங்கள். மிஷன் எந்தச் சேதமும் இல்லாமல் நடந்து முடிகிறதா? அப்படியென்றால் அந்தக் காதல் வெறும் ஒட்டுப்போட்ட துணி.

ஹிட்ச்காக் 1946ல் எடுத்த 'நொட்டோரியஸ்' படத்தில் இப்படி உருவ முடியாது. அமெரிக்க உளவு அதிகாரியாக வரும் கேரி கிராண்ட், தான் விரும்பும் இங்க்ரிட் பெர்க்மனையே எதிரியின் வீட்டுக்குள் அனுப்புகிறார். எதிரி அவளைத் திருமணம் செய்துகொள்ளக் கேட்கிறான். இவர் தடுப்பார் என்று அவள் காத்திருக்கிறாள். இவர் வாய் திறப்பதில்லை. பிறகு ஒரு விருந்து நடக்கும் இரவில் இருவரும் மது நிலவறையைத் துழாவிவிட்டு வெளியே வரும்போது கணவன் வந்துவிடுகிறான். கள்ளக் காதலர்கள் என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும் என்பதற்காகவே கிராண்ட் அவளை முத்தமிடுகிறார். அந்த முத்தம் நடிப்பு, அதே சமயம் நிஜம். உளவுக் காட்சி எது, காதல் காட்சி எது என்று அங்கே பிரித்துக் காட்டவே முடியாது.

அடுத்த தவறை நானே செய்திருக்கிறேன். என் முதல் திரைக்கதையில் நாயகி உளவாளி என்பதை இடைவேளை வரை மறைத்து வைத்திருந்தேன். பெரிய ட்விஸ்ட் என்று நினைப்பு. படித்த நண்பர், "சரி, அதிர்ச்சியாக இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் நான் எதற்காகவும் பயப்படவில்லையே?" என்றார். உண்மைதான். அவள் யார் என்று பார்ப்பவருக்கு முதலிலேயே தெரிந்திருந்தால், காதலன் சாதாரணமாக "உன் அப்பா என்ன வேலை பார்த்தார்?" என்று கேட்டாலே வயிறு கலங்கும். மறைத்தால் கிடைப்பது ஒரு நொடி அதிர்ச்சி, அவ்வளவுதான்.

காதல் வந்த மறுநாளே நாட்டைக் காட்டிக்கொடுப்பதும் நம்பும்படி இருக்காது. மேற்கு ஜெர்மனியைச் சேர்ந்த காப்ரியேலே காஸ்ட் 1968ல் ஆய்வுக்காகக் கிழக்கு ஜெர்மனிக்குப் போன இடத்தில் ஒருவரைக் காதலித்தார். அந்தக் காதலர் கிழக்கு ஜெர்மனியின் ரகசியக் காவல்துறையான ஸ்டாசியின் ஆள். 1973ல் காஸ்ட் மேற்கு ஜெர்மனியின் உளவுத்துறையிலேயே வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்து ஸ்டாசிக்குத் தகவல் கொடுத்துவந்த அவர் கைதானது 1990ல். இத்தனை ஆண்டுகளைப் படத்தில் காட்ட முடியாதுதான். ஆனால் துரோகம் படிப்படியாக வருவதைக் காட்டலாம். முதலில் கேட்கும் உதவி, மறுப்பதற்கே கூச்சப்படும் அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும்.

விசுவாசத்தை வெறும் தேசக்கொடியாக எழுதாதீர்கள். அதற்கு ஒரு முகம் வேண்டும்: இவள் மாறினால் மாட்டிக்கொள்ளப் போகும் சக ஒற்றன், இவளை நம்பித் தன் பெயரையே பணயம் வைத்த மேலதிகாரி. எதிர்த்தரப்பும் அப்படித்தான். எதிரி வெறும் அரக்கன் என்றால் நாயகிக்கு இரண்டு மனம் எங்கிருந்து வரும்? போகிற போக்கில் ஒன்று: உளவுத் தொழிலில் 'ஏஜென்ட்' என்பது வெளியிலிருந்து வளைத்துப் பிடிக்கப்பட்ட ஆள், அவரை இயக்குபவர் அதிகாரி. இந்த இரண்டையும் குழப்பினால் வசனமெல்லாம் போலியாகத் தெரியும்.

அனுப்பியவர்கள் ஒற்றனைக் கண்மூடி நம்புவதாகவும் எழுதுகிறார்கள். ஒரு ஒற்றன் சொன்னதை இன்னொரு ஒற்றனை வைத்துச் சரிபார்க்க வேண்டும், ஒருவரை ஒருவர் அறியாதபடி அவர்களை ஆள வேண்டும் என்று 'ஒற்றாடல்' அதிகாரத்திலேயே வள்ளுவர் சொல்லிவிட்டார். ஆக, உங்கள் நாயகியைக் கண்காணிக்க இன்னொருவர் கட்டாயம் இருப்பார். அவளுக்குக் காதல் வந்திருப்பது அவளைவிட முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.

மாட்டிக்கொள்வதற்குத் துரத்தலும் துப்பாக்கியும் தேவையில்லை. ரஷ்யர்களுக்கு ரகசியங்களை விற்று 1994ல் கைதான அமெரிக்க உளவுத்துறை (சிஐஏ) அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், 5,40,000 டாலருக்கு ஒரு வீட்டை ரொக்கமாக வாங்கியிருந்தார். அரசு சம்பளத்தில் அது எப்படி முடியும்? காதல் கதைக்கு இது தோதான வழி: காதலன் ஆசையாகக் கொடுத்த பரிசுப் பொருளே அவளைக் காட்டிக்கொடுக்கலாம்.

கடைசித் தவறுதான் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது. நாடா, காதலா என்று முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் எங்கிருந்தோ ஒரு குண்டு பாய்ந்து காதலன் செத்துப்போவான். நாயகி எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, எழுதியவரும் தப்பித்துவிட்டார். அதே ஹிட்ச்காக் படத்தின் முடிவைப் பாருங்கள். விஷம் வைக்கப்பட்டுத் துவண்டு கிடக்கும் பெர்க்மனைத் தாங்கிப் பிடித்தபடி கிராண்ட் மாடிப்படி இறங்குகிறார். கூடவே கணவனும் இறங்குகிறான். தடுத்தால் மனைவி உளவாளி என்பது கீழே நிற்கும் கூட்டாளிகளுக்குத் தெரிந்துவிடும். தடுக்கவில்லை. வாசலில் கார் கதவு அவனுக்குத் திறப்பதில்லை. கூட்டாளிகள் உள்ளே கூப்பிடுகிறார்கள். அவன் திரும்பிப் படியேறுகிறான்.