கால்கட்டு போட்டால் திருந்திவிடுவானா?

பிறரை ஏமாற்றியும் வருத்தியும் குற்றவுணர்வே கொள்ளாதவர்களைப் பேச்சுவழக்கில் ‘சோசியோபாத்’ என்கிறோம். அவர்கள் மாறுவார்களா? ‘ஒரு கால்கட்டு போட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று பெண் பார்க்கக் கிளம்புவதுதான் இந்த விஷயத்தில் நான் கண்ட தவறுகளிலேயே கொடியது. பொய், ஏமாற்று, அடிதடி, பிறர் வலியைக் கண்டும் இளகாத மனம் என்று வளர்ந்துவிட்ட ஒருவனைத் திருத்தும் பாரத்தை, அவனை அறியாத ஒரு பெண்ணின் தலையில் ஏற்றுகிறோம்.

பெயர் சூட்டுவதிலும் அவசரம் கூடாது. ‘சோசியோபாத்’ என்று எந்த மருத்துவரும் எழுதித் தருவதில்லை. சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்றே சொல்கிறார்கள். அதற்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 15 வயதுக்கு முன்பே நடத்தைக் கோளாறு, அதாவது திரும்பத் திரும்பப் பிறரைத் துன்புறுத்துவது, திருடுவது, விதிகளை மீறுவது போன்ற போக்கு, தென்பட்டிருக்க வேண்டும். ஒருமுறை ஏமாற்றியவர்களையெல்லாம் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

அடுத்து, கண்ணீரை நம்புவது. இரவு கணவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, “இனி உன் நகையைத் தொடவே மாட்டேன்” என்று அழுகிறார். காலையில் அடகுக்கடை ரசீதைக் கேட்டால், “அதுதான் நேற்றே மன்னிப்புக் கேட்டுவிட்டேனே, இன்னும் என்ன?” என்று சீறுகிறார். நீங்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டியது அந்தச் சீற்றத்தை. மாறத் தொடங்கியவர் ரசீதை எடுத்துக் கொடுப்பார், வட்டியைத் தானே கட்டுவார், உங்கள் சந்தேகத்தையும் பொறுத்துக்கொள்வார். அதையும் ஆண்டுக்கணக்கில் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

ஏதாவதொரு சிகிச்சை போதும் என்பதும் ஆபத்தான நினைப்பு. கனடாவின் ஓக் ரிட்ஜ் மருத்துவமனையில் 1960களில், நோயாளிகளே ஒருவருக்கொருவர் சிகிச்சையளிக்கும் திட்டம் ஒன்று நடந்தது. அதில் இருந்தவர்களுள் சைக்கோபாத் குணம் (இரக்கமும் குற்றவுணர்வும் இல்லாத தன்மை) மிகுந்தவர்கள், சிகிச்சையே பெறாத அதே குணமுடையோரைவிட அதிகமாகப் பின்னாளில் வன்முறையில் இறங்கியதை 1992இல் வெளியான ஆய்வு காட்டியது.

இதைக் கேட்டதும் ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்று கைகழுவிவிடுகிறோமே, அதுவும் தவறு. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1995இல் தொடங்கிய மெண்டோட்டா இளையோர் சிகிச்சை மையம், மற்ற இடங்கள் கைவிட்ட சிறுவர்களை ஏற்றது. அன்றன்றைய நடத்தைக்கு அன்றன்றே மதிப்பெண், அதற்கேற்ப மறுநாள் சலுகை. அங்கிருந்து வெளியேறியவர்களிடம் வன்முறைக் குற்றங்கள் கணிசமாகக் குறைந்தன. இளமையில், இடைவிடாமல், பயிற்சி பெற்றவர்கள் செய்த வேலை அது. பெரியவர்களிடமும் வயது ஏற ஏற அடிதடியும் குற்றமும் குறைவதுண்டு. மனத்தின் ஈரமின்மை அத்தனை எளிதில் போவதில்லை.

மாறுகிறாரா என்று பார்க்க, அடி விழும் வீட்டிலேயே நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பிறந்த வீட்டிலோ தோழியின் வீட்டிலோ இருந்துகொண்டும் பார்க்கலாம். இந்தியாவில் பெண்கள் எந்நேரமும் 181 என்ற எண்ணை அழைக்கலாம்.