கனமான ஜாபில் ஆழமான போரிங்: சத்தமில்லாமல் ஜாபைக் கெடுக்கும் தவறுகள்

தர்மபுரி, பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கமிருந்து ஐடிஐ, டிப்ளமோ முடித்த பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வருகிறார்கள். முதலில் சின்ன விஎம்சி-யில் (டூல் செங்குத்தாக நிற்கும் கணினி மெஷின்) நிற்கிறார்கள். கை பழகியதும் சிலரை, டூல் படுக்கையாக இருக்கும் பெரிய ஹரிசான்டல் மெஷினுக்கு மாற்றுகிறார்கள். அங்கே ஒரு ஜாபே (வெட்டப்படும் பொருள்) இரண்டு டன், மூன்று டன் இருக்கும். எதிரெதிர்ச் சுவர்களில் ஒரே நேர்க்கோட்டில் பேரிங் உட்காரும் துளைகள், நடுவில் ஒரு மீட்டர் இடைவெளி. அந்தத் துளைகளை உள்ளே வெட்டிச் சரியான அளவுக்குக் கொண்டுவருவதுதான் போரிங். எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளை அவர்களும் அதே வரிசையில் செய்வதைப் பார்க்கிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆஃப்செட்டில் மைனஸ் போட மறப்பது, டூல் நம்பரை மாற்றி அழைப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை மெஷினே ஒரு முறை மோதிக் கற்றுக்கொடுத்துவிடும். மோதாமல், அலாரம் அடிக்காமல் ஜாபைக் கெடுப்பவைதான் ஆபத்தானவை.

போரிங் பாரை நீட்டிக்கொண்டே போவது

துளை ஆழமாக இருக்கிறது என்றால் நீளமான பார் (முனையில் வெட்டும் துண்டு பொருத்திய தண்டு) போடு என்பதுதான் புதியவர்களின் முதல் யோசனை. பார் இரண்டு மடங்கு நீண்டால், அதே வெட்டு விசைக்கு அது எட்டு மடங்கு வளையும். விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் வளைவு பதினாறில் ஒன்றாகக் குறையும். ஆகவே நீளத்தைத் தொடுவதற்கு முன் விட்டத்தைப் பாருங்கள். துளைக்குள் போகக்கூடிய மிகத் தடிமனான பாரைப் போடுங்கள், சில்லு வெளியேற மட்டும் இடம் விடுங்கள். பொதுவாக ஸ்டீல் பார் என்றால் விட்டத்தைப்போல் நான்கு மடங்கு நீளம் வரை, கார்பைடு என்றால் ஆறு மடங்கு வரை, அதிர்வை உறிஞ்சும் டேம்ப்டு பார் என்றால் பத்து மடங்கு வரை போகலாம். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்டீல் பாரை 350 மில்லி நீட்டிவிட்டு, "அண்ணே, சேட்டர் (அதிர்வு) வருது, ஆர்பிஎம் குறைக்கட்டுமா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

இன்னொன்றும் உண்டு. அதிர்வு வந்ததும் பயந்துபோய் வெட்டு ஆழத்தை மிகவும் குறைத்துவிடுகிறார்கள். பாரின் முனையில் வெட்டும் துண்டான இன்செர்ட்டின் முனை வளைவு ஆரத்தைவிட வெட்டு ஆழம் சிறியதானால், விசை பாரைப் பக்கவாட்டில்தான் தள்ளும். இன்செர்ட் வெட்டாமல் தேய்க்கும். முனை ஆரம் சிறிய இன்செர்ட்டாக மாற்றி, கொஞ்சம் தைரியமாக வெட்டினால் பல நேரம் சத்தம் தானாக அடங்கும்.

டேபிளை 180 டிகிரி திருப்பினால் எல்லாம் நேராகிவிடும் என்று நம்புவது

பல வருடங்களாகப் பார்த்தும் எனக்கு இன்னும் கோபம் வருவது இதைப் பார்த்துத்தான்.

நீளமான பார் வேண்டாம் என்று புரிந்துகொண்ட தம்பி அடுத்து என்ன செய்வான்? ஒரு பக்கத் துளையை முடித்துவிட்டு, டேபிளை 180 டிகிரி திருப்பி மறுபக்கத் துளையைப் போடுவான். யோசனை சரிதான், பெரிய கம்பெனிகளிலும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் டேபிள் எந்த மையத்தைச் சுற்றித் திரும்புகிறது என்பதை அவன் சரிபார்ப்பதில்லை. கண்ட்ரோலில் யாரோ எப்போதோ போட்டுவைத்த எண்ணை அப்படியே நம்பிவிடுகிறான்.

உண்மையான சுழல் மையம் அந்த எண்ணிலிருந்து 0.02 மில்லி விலகியிருந்தால், முதல் துளை ஒரு பக்கம் 0.02 தள்ளிப்போகும். திருப்பியதும் இரண்டாவது துளை எதிர்ப்பக்கம் 0.02 தள்ளிப்போகும். இரண்டு துளைகளுக்கும் நடுவே 0.04 வித்தியாசம். பிழை எப்போதும் இரட்டிப்பாகும்.

இதில் கொடுமை, தனித்தனியாக அளந்தால் இரண்டு துளையும் சரியாக இருக்கும். துளையை அளக்கும் போர் கேஜ் சரி என்று காட்டும், மேற்பரப்பு கண்ணாடிபோல் இருக்கும். ஆய்வில் பாஸாகி, பெயின்ட் அடித்து, லாரி ஏறிவிடும்.

கிருஷ்ணகிரியைச் சுற்றிக் கல் கிரஷர்கள் நிறைய. அவற்றுக்கான பேரிங் ஹவுசிங் (பேரிங் உட்காரும் கூடு) வேலை இங்கே அடிக்கடி வரும். அப்படி ஒரு பட்டறையில் செய்து அனுப்பிய பாடி, ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பேரிங் சூடாகிறது என்று திரும்பி வந்தது. முதலில் பேரிங்கைக் குறை சொன்னார்கள், மாற்றினார்கள். அப்புறம் கிரீஸைக் குறை சொன்னார்கள். அதன் பிறகு ஷாஃப்டைக் கழற்றி லேத்தில் ஏற்றி ரன்அவுட் (சுற்றும்போது வரும் ஆட்டம்) பார்த்தார்கள். ஷாஃப்ட் நேராகத்தான் இருந்தது. கடைசியில்தான் இரண்டு துளைகளின் மையத்தை ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கோ தோன்றியது. மையங்கள் 0.07 விலகியிருந்தன. சில வாரங்களுக்கு முன்னால் அந்த மெஷினில் டேபிள்மேல் ஒரு மோதல் நடந்திருக்கிறது. மெஷின் ஓடுகிறதே என்று எல்லாரும் வேலையைத் தொடர்ந்திருக்கிறார்கள். மையம் 0.035 நகர்ந்ததை யாரும் பார்க்கவில்லை. ஒரு பக்கத் துளையைப் பெரிதாக்கி, ஸ்லீவ் (உள் உருளை) இறக்கி, மறுபடி போர் செய்து கொடுத்தார்கள். லாரி வாடகை, கிரேன், கிரஷர் நின்ற நாட்கள் எல்லாம் சேர்ந்து அந்த ஜாபில் கிடைத்த கூலியை விழுங்கிவிட்டன. சரிபார்த்திருந்தால் சில நிமிட வேலை.

எப்படிச் சரிபார்ப்பது? துளையின் அச்சுக்கு இணையாக, ஜாபின் பக்கவாட்டில் ஒரு சின்ன முகத்தை முதலிலேயே மில் செய்துகொள்ளுங்கள். டயல் கேஜை, டூலைச் சுழற்றும் ஸ்பிண்டிலில் கட்டி, பி அச்சு (டேபிள் திரும்பும் கோணம்) 0-வில் அந்த முகத்தைத் தொட்டு, ஊசி பூஜ்யம் காட்டும் எக்ஸ் (பக்கவாட்டு அச்சு) எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டேபிளை 180 திருப்புங்கள். ஸ்பிண்டிலையும் அரைச் சுற்று திருப்பி, எதிர்ப்பக்கத்திலிருந்து அதே முகத்தைத் தொட்டு, ஊசி அதே பூஜ்யத்துக்கு வரும் எண்ணைக் குறியுங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் அதுதான் உண்மையான மையம். டயல் எவ்வளவு வெளியே நீட்டியிருந்தாலும் அது கணக்கில் கழிந்துவிடும்.

அதே முகத்தில் டயலை இசட் அச்சில் (துளையின் திசையில்) ஓட்டியும் பாருங்கள். பி 0-வில் நேராக ஓடியது, 180-இல் சாய்ந்து ஓடினால் டேபிள் சரியாக 180 திரும்பவில்லை என்று பொருள். ஐந்து விகலை (ஒரு விகலை என்பது டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) பிழை என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். சுழல் மையத்திலிருந்து 600 மில்லி தள்ளி இருக்கும் துளையில் அது கிட்டத்தட்ட 15 மைக்ரான்.

இதை வெறும் டேபிளில் செய்தால் போதாது, ஜாபை ஏற்றிக் கட்டிய பிறகு செய்ய வேண்டும். மூன்று டன் ஜாப் டேபிளின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தால் டேபிள் மிக லேசாகச் சாயும். ஜாபைத் தாங்கும் பேலட்டுக்கு அடியில் ஒரு சில்லு மாட்டியிருந்தாலும் அதே கதைதான். திருப்பும்போது அந்தச் சாய்வும் சேர்ந்து திரும்பும், இரண்டு துளைகளின் உயரமும் மாறும்.

உயரம் மாற இன்னொரு காரணம் குயில், அதாவது ஸ்பிண்டிலோடு வெளியே நீளும் உருளை. கிடைமட்டமாக வெளியே நீட்டிய குயில் தன் எடையாலும் டூலின் எடையாலும் தலை தாழும். ஒரு பக்கம் 200 மில்லி நீட்டி, மறுபக்கம் 500 மில்லி நீட்டிப் போர் செய்தால் தாழ்வு வேறு வேறாகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே நீட்டம், ஒரே பார், ஃபினிஷ் கட் (கடைசி நுண் வெட்டு) இரண்டும் அடுத்தடுத்து. காலையில் ஒரு பக்கத்தையும் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபக்கத்தையும் ஃபினிஷ் செய்யாதீர்கள். இடையில் ஸ்பிண்டில் ஹெட்டின் சூடு மாறியிருக்கும்.

என்னைக் கேட்டால், ஒரே பக்கத்திலிருந்து நல்ல டேம்ப்டு பார் எட்டும் என்றால் திருப்பவே வேண்டாம். ரஃப்பிங்கை (முதல் கட்டப் பெரும் வெட்டு) இரண்டு பக்கமும் செய்யுங்கள், ஃபினிஷை ஒரே பக்கத்திலிருந்து முடியுங்கள். பாரின் மறுமுனைக்குத் தாங்கல் கொடுத்து லைன் போரிங் செய்ய வசதி இருந்தால் அது இன்னும் நல்லது. பழைய முறை என்று அதை ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை.

கிளாம்ப் அடியில் தாங்கல் இல்லாமல் இறுக்குவது

வார்ப்பு எவ்வளவு கனமாக இருந்தாலும் வளையும். ஜாபை மூன்று இடத்தில் உட்காரவைத்து, மற்ற இடங்களில் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்த்து, ஷிம் (மெல்லிய தகடு) கொடுத்து, அந்தத் தாங்கலுக்கு நேர் மேலேதான் கிளாம்ப் போட வேண்டும். இறுக்கும்போது ஒரு டயலை ஜாப்மேல் வைத்திருங்கள். ஊசி நகர்ந்தால் ஜாப் வளைகிறது. வளைந்த நிலையில் வட்டமாகப் போட்ட துளை, கிளாம்பைத் தளர்த்தியதும் நீள்வட்டமாகும். ரஃப்பிங் முடிந்ததும் எல்லாக் கிளாம்பையும் ஒருமுறை தளர்த்தி, மெதுவாக மறுபடி கட்டிவிட்டு ஃபினிஷ் செய்யுங்கள். வார்ப்புக்குள் இருந்த இறுக்கம் அப்போதுதான் வெளியே வரும்.

சூட்டோடு அளப்பது

வார்ப்பிரும்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 11 மைக்ரான் விரியும். 250 மில்லி துளை 10 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் 27 மைக்ரான் பெரிதாகத் தெரியும். அந்தத் துளைக்கு எச்7 என்ற அளவுத் தரம் அனுமதிக்கும் மொத்த இடமே 46 மைக்ரான்தான். ரஃப்பிங் முடித்த கையோடு ஃபினிஷ் அளவு எடுக்காதீர்கள்.

குளிரிலும் இதே சிக்கல் உண்டு. கோயம்புத்தூரிலிருந்து இரவு லாரியில் தொப்பூர் கணவாய் ஏறி வரும் வார்ப்பு, மார்கழிக் காலையில் ஓசூரில் தொட்டால் சில்லென்று இருக்கும். இரண்டு டன் இரும்பு ஷெட்டின் சூட்டுக்கு வர மணிக்கணக்காகும். முந்தின நாளே உள்ளே இறக்கிவையுங்கள்.

ஃபினிஷ் கட்டுக்கு நடுவில் இன்செர்ட் மாற்றுவது

கூடாது. அந்த இடத்தில் படி விழும்.

சில்லை உள்ளேயே விட்டுவிட்டு அடுத்த பாஸ் ஓட்டுவது

ஆழத்தில் கிடக்கும் சில்லு கண்ணுக்குத் தெரியாது. ஸ்பிண்டிலை நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்த்து, கூலன்டால் கழுவிவிட்டு அடுத்த பாஸ்.

ஐ போல்ட்டைச் சாய்வாக இழுப்பது

தோள் இல்லாத ஐ போல்ட்டை (ஜாபைத் தூக்க மாட்டும் வளையத் தலை போல்ட்) நேர் செங்குத்தாக மட்டும் தூக்குங்கள். இரண்டு ஸ்லிங் போட்டுச் சாய்வாகத் தூக்க வேண்டுமென்றால் சுழலும் ஹாய்ஸ்ட் ரிங் வாங்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். தராவிட்டால் ஜாபைத் தூக்காதீர்கள்.