கயாக்குக்குச் சிலாகை தெரிவதும் ஒட்டுவதும்: கையைச் சுடும் தவறுகள்

"தேக்கு கிடைக்காட்டி வேப்பமரத்திலையெண்டாலும் செய்யடா. பாரம் தாங்க வேணும்."

கராஜுக்குள் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு) கட்டப்போகிறேன் என்றதும் ஊரிலிருந்து பெரியப்பா தொலைபேசியில் சொன்ன புத்தி இது. அவர் கூரை போட்ட வீடுகள் இன்றும் அசையாமல் நிற்கின்றன. ஆனால் கூரைக்குச் சரியானது கயாக்குக்குச் சரிவராது. முதல் தவறே இங்கேதான் தொடங்குகிறது: உரமான மரத்தைத் தேடுவது.

நான் கட்டும் வகைக் கயாக்கில் 6 மி.மீ. தடிப்பும் 19 மி.மீ. அகலமும் உள்ள சிலாகைகளை, அதாவது நீளமான மெல்லிய மரக்கீற்றுகளை, படகின் குறுக்கு வடிவத்தில் வெட்டி நிறுத்திய அச்சுப் பலகைகளின் மேல் வளைத்து, விளிம்போடு விளிம்பு ஒட்டுவோம். பிறகு உள்ளும் புறமும் பைபர்கிளாஸ் துணி விரித்து எபொக்சி என்ற இறுகும் பிசினைப் பூசுவோம். பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது அந்த இரண்டு தோல்கள்தான். அவற்றை விலக்கிப் பிடித்திருப்பதுதான் மரத்தின் முக்கிய வேலை. 5 மீட்டர் கயாக்கின் உடலும் மேல்தட்டும் சுமார் 5 சதுர மீட்டர் என்று வையுங்கள். கன மீட்டருக்கு 370 கிலோ வரும் வெஸ்டர்ன் ரெட் செடாரில் மரம் மட்டும் 11 கிலோ; 650 கிலோ வரும் தேக்கில் இருபது கிலோவுக்குக் கிட்ட. தனியாளாகக் கார் கூரையில் தூக்கி ஏற்றும்போது அந்த வித்தியாசம் முதுகில் தெரியும். போதாததற்குத் தேக்கின் எண்ணெய்ப்பசை எபொக்சியைச் சரியாகப் பிடிக்க விடாது. இங்கே கனடாவின் ஒன்ராறியோவில் கிடைக்கும் வெள்ளைச் செடார் இன்னும் சற்று இலேசு, ஆனால் கணு அதிகம்.

பலகை தெரிவதில் நான் காசு கொடுத்துக் கற்ற பாடம் ஒன்று உண்டு. ரேகை நேராக ஓடும் முகமுள்ள பலகைதான் உசத்தி என்று கூடுதல் விலைக்கு வாங்கினேன். பலகையின் தடிப்பு அல்லவா சிலாகையின் அகலமாகிறது? அதை மறந்துவிட்டேன். அறுத்துப் பார்த்தால் சிலாகையின் முகமெல்லாம் அலையலையான ரேகை. பலகையின் நுனியைப் பாருங்கள். வளையக் கோடுகள் படுக்கையாக ஓடும் சாதாரணப் பலகையில்தான் நேர் ரேகைச் சிலாகை கிடைக்கும். அப்படிப்பட்ட சிலாகை அகலவாக்கில் அதிகம் சுருங்கி விரியாது, தேய்க்கும்போதும் சமமாகத் தேயும். ரேகை குறுக்கே சரிந்து விளிம்புக்கு வெளியே ஓடும் சிலாகையைத் தொடவே வேண்டாம். கையால் வளைத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அச்சில் முறிவதைவிட அங்கேயே முறியட்டும்.

கணக்கிலும் பலர் கோட்டை விடுவார்கள். வாள் அலகு 3 மி.மீ. என்றால் வாங்கிய மரத்தில் மூன்றில் ஒன்று தூளாகத்தான் போகும். அந்தத் தூளையும் சும்மா நினைக்கக் கூடாது. செடாரில் உள்ள பிளிகாட்டிக் அமிலம் சிலருக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவரும். முகமூடி இல்லாமல் வாளை ஓட்டாதீர்கள்.

நீளமான சிலாகைக்காகக் காத்திருப்பது வீண் வேலை. இரண்டு துண்டை இணைத்துக்கொள்ளலாம். சாய்வாக வெட்டி ஒட்டுவதானால் தடிப்பைப்போல் எட்டு மடங்கு சாய்வு வையுங்கள், 6 மி.மீ. சிலாகைக்கு ஏறக்குறைய 5 செ.மீ. வெட்டுமுகம் பசையை உறிஞ்சிவிடும். ஒருமுறை பூசி, சற்றுப் பொறுத்து, மறுபடி பூச வேண்டும். இறுக்கும்போது துண்டுகள் வழுக்கி மூட்டில் ஒரு சின்னக் கோணல் விழும். மேசையில் கண்ணுக்குப் படாது. படகில் ஏறியதும் அந்த இடம் முழங்கைபோல் துருத்தி நிற்கும். நேரான பலகையோரம் அணைத்து ஒட்டினால் தப்பலாம். எல்லா மூட்டும் ஒரே அச்சுப் பலகைக்கு நேரே வராமல் அடுத்தடுத்த சிலாகைகளில் தள்ளித் தள்ளி வையுங்கள்.

போன மாசியில் எனக்கு நடந்தது குளிர்த் தவறு. ஹீட்டரைப் போட்டுக் கராஜ் கதகதப்பானதும் மஞ்சள் மரப்பசையோடு உட்கார்ந்தேன். காற்றுத்தான் சூடாகியிருந்தது, இரவெல்லாம் அங்கே கிடந்த சிலாகைகள் ஐஸ்தான். அடுத்த நாள், சிலாகைகளை அச்சில் பிடித்திருந்த ஸ்டேப்பிளைக் கழற்றியதும் மூன்று சிலாகைகள் வாழைமட்டைபோல் உரிந்து வந்தன. மூட்டில் பசை சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. 10 பாகை செல்சியசுக்குக் கீழே இந்தப் பசை சரியாகப் பிடிக்காது. இப்போது சிலாகைகளை முதல்நாளே வீட்டுக்குள் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைக்கிறேன். மனைவி ஒன்றும் சொல்வதில்லை, பார்க்கிறாள்.

விளிம்புகள் ஒருபக்கம் குவிந்தும் மறுபக்கம் குழிந்தும் கடைந்த சிலாகை என்றால் குழி மேலே இருக்க வேண்டும். அதில் பசையை ஓட விட்டு அடுத்ததை அமர்த்தலாம். தலைகீழாக வைத்தால் பசை வழிந்து கையெல்லாம் பிசுபிசுக்கும், குழியின் மெல்லிய ஓரமும் நசுங்கும்.

மூக்குப் பக்கம் சிலாகை முறுக வேண்டிய இடத்தில்தான் பொறுமை போகும். கிளாம்பை இன்னும் ஒரு சுற்று இறுக்கினால் இடைவெளி மூடிவிடும் என்று தோன்றும். மூடும்தான், ஆனால் அச்சுப் பலகை நகர்ந்துவிடும். படகின் கோடே கோணும். சூட்டுக்காற்று அடித்து இளக்கி முறுக்குங்கள், இல்லையேல் விளிம்பைச் சீவுளியால் சாய்த்துப் பொருத்துங்கள். பிறகு மரத்தூளும் எபொக்சியும் குழைத்து அடைக்கலாம் என்று விட்டுவைத்தால் அது மரத்தைவிடக் கறுப்பாய்க் காயும். வார்னிஷுக்குக் கீழே ஆயுள் முழுக்கத் தெரியும்.

வழிந்த பசையைக் காய விடவே கூடாது. காய்ந்த பசை செடாரைவிடக் கடினம். அரத்தாள் பசையை விட்டுவிட்டுப் பக்கத்து மரத்தைத் தின்று பள்ளமாக்கும். ரப்பர் பதத்தில் இருக்கும்போதே சுரண்டி எடுங்கள்.

பசை பிடிக்காமலிருக்க அச்சுப் பலகைகளின் விளிம்பில் பெட்டி ஒட்டும் பிளாஸ்டிக் டேப்பை ஒட்டியிருக்கிறீர்களா என்று தொடங்குமுன் இன்னொரு தடவை பாருங்கள். நான் ஒன்றை விட்டுவிட்டேன், ஏழாவது. கூட்டைத் தூக்கும்போது மற்றவை எல்லாம் கழன்றன; அது மட்டும் படகோடு சேர்ந்தே வந்தது.