ஊர்ச் சங்கமும் மெடிக்கல் காலேஜும் கைகோக்கணும்னா

குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கம் மகளிர் குழு நடத்துறீங்களா, மெடிக்கல் காலேஜ்ல டீனைத் தேடி அலையாதீங்க, நேரா ஊர் மக்களோட ஆரோக்கியத்தைப் பார்க்குற கம்யூனிட்டி மெடிசின் டிபார்ட்மென்ட்டுக்குப் போங்க, எம்பிபிஎஸ் பசங்க கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்து அவங்க உடல்நலத்தைக் கவனிக்கணும்னு பாடத்துலயே இருக்கு, அவங்களுக்கும் ஊர் வேணும்ல. கே.வி.குப்பத்துல வேலூர் சிஎம்சி மெடிக்கல் காலேஜோட கிராம சுகாதாரப் பிரிவான ருஹ்சா 1977லருந்து ஊருக்குள்ளயே இருந்து வேலை பார்க்குது, ஒரு நடை போய்ப் பாருங்க.

காலேஜ்காரங்க ஆராய்ச்சிக்குன்னு வந்தா, ஆராய்ச்சி முறையா நடக்குதான்னு பார்க்குற எத்திக்ஸ் கமிட்டியோட அனுமதி இருக்கான்னு முதல்ல கேளுங்க. ஊர்ல தெலுங்கு பேசுறவங்க இருந்தா சம்மதப் படிவம் தெலுங்குலயும் கட்டாயம் வேணும், படிக்கத் தெரியாதவங்களுக்கு சாட்சி வச்சு வாசிச்சுக் காட்டணும். எங்க தெருவுல ஒரு அவ்வா தமிழ் ஃபாரத்தைத் தலைகீழா பிடிச்சுக்கிட்டே கைநாட்டு வச்சாங்க, எனக்கு இன்னும் மனசு ஆறல.

பணம் யார் கையில, ரிசல்ட்டை எப்போ ஊர்ல வந்து சொல்வாங்க, சுகர்னு தெரிஞ்சா மருந்து எங்க கிடைக்கும், எல்லாத்தையும் எழுதி கையெழுத்து வாங்கிட்டு அப்புறம் ஊர்ல மருத்துவ கேம்ப் நடத்தத் தேதி குடுங்க.