யாழ்ப்பாணத்தில் நவீன வீடு கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொக்குவில், திருநெல்வேலி, நல்லூர்ப் பக்கங்களில் இன்று எழும் புதிய வீடுகள் பல, வெளிநாட்டிலிருந்து உறவினர் கைப்பேசியில் அனுப்பிய படங்களிலிருந்து உருவானவை. படத்தில் அழகு தெரியும்; அந்த அழகு எந்தக் காலநிலைக்கு ஏற்ப வந்தது என்பது தெரியாது. பெரும்பாலான தவறுகள் அங்கிருந்தே தொடங்குகின்றன.

உயர்ந்த கூரையின்கீழ் தடுப்புச் சுவர்கள் இல்லாத ஒரே பெரிய இடமாக அமையும் 'லொஃப்ற்' எனப்படும் வடிவத்தையே எடுத்துக்கொள்வோம். நியூயோர்க்கின் சோகோ பகுதியில் தொழிற்சாலைகள் வெளியேறியபின் வெறுமையாகக் கிடந்த மாடிகளில் 1960களில் ஓவியர்களும் சிற்பிகளும் குடியேறியதால் அது புகழ்பெற்றது. அங்குள்ள உயர்ந்த கூரையும் பெரிய யன்னல்களும் அலங்காரத்துக்காக வந்தவையல்ல. மின்விளக்கு பரவுவதற்கு முன்னர் கட்டப்பட்ட அக்கட்டடங்களின் ஆழத்துக்குப் பகல் வெளிச்சத்தைக் கொண்டுவரும் தேவையால் வந்தவை. யாழ்ப்பாணத்தில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. வெளிச்சத்தோடு சேர்ந்து வரும் வெப்பத்தை வெளியில் நிறுத்துவதே இங்குள்ள வேலை.

இரட்டை உயர மண்டபமும் அதன் ஒரு பக்கத்தில் பாதி மாடியாகத் தொங்கும் இடைத்தட்டும் இப்போது பெரிதும் விரும்பப்படுகின்றன. சூடான காற்று மேலே எழும் என்பதால், மேலே அது வெளியேறத் திறப்பு இல்லாவிட்டால், படுக்கை போட்ட அந்த இடைத்தட்டே வீட்டின் மிக வெப்பமான இடமாகிவிடும். குளிர் நாட்டில் வரவேற்கத்தக்க குணம் இங்கே தண்டனையாகிறது. கூரைக்குச் சற்றுக் கீழே எதிரெதிர்ச் சுவர்களில் நிரந்தரமாகத் திறந்திருக்கும் காற்றுவழிகளை வைத்து, கீழே சோழகம் வரும் தென்மேற்குப் பக்கத்தில் யன்னல்களை அமைத்தால், உயரமான மண்டபம் உண்மையில் குளிர்ச்சி தரும். இவற்றைத் திட்டம் வரையும்போதே சேர்க்க வேண்டும்; பூச்சு முடிந்தபின் சுவரை உடைக்க எவரும் மனம் ஒப்பமாட்டார்கள்.

கண்ணாடிச் சுவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோஹ வடிவமைத்து 1951இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் கட்டி முடிக்கப்பட்ட பார்ன்ஸ்வேர்த் இல்லம், நான்கு பக்கமும் கண்ணாடியால் ஆனது. அது உலகப் புகழ்பெற்றது. கோடையில் தாங்கமுடியாத வெப்பத்துக்காகவும் அது பேசப்பட்டது. யாழ்ப்பாணமோ வட அகலக்கோடு ஏறத்தாழ 9.7 பாகையில் இருக்கிறது. சித்திரை வருடப் பிறப்பையொட்டியும் ஓகஸ்ட் இறுதியிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். ஆகவே ஐரோப்பிய வழிகாட்டிகள் சொல்லும் 'தெற்கு வெயில், வடக்கு நிழல்' என்ற கணக்கு இங்கே பொருந்தாது. வடக்கு, தெற்கு யன்னல்களை நீட்டிய கூரைவிளிம்பு பெரும்பாலும் காப்பாற்றிவிடும். மேற்கு யன்னலை அது காப்பாற்றாது, ஏனெனில் பின்னேர வெயில் தாழ்வாகப் படுக்கையாக உள்ளே நுழையும். மேற்கில் ஆழமான விறாந்தை, நிமிர்ந்த சட்டங்கள், வேம்பு அல்லது மா மரம் ஆகியவற்றில் ஒன்றாவது வேண்டும். உள்ளே தொங்கும் தடித்த திரைச்சீலை கண்ணாடியைக் கடந்துவிட்ட வெப்பத்தை மறைக்குமே தவிர, தடுக்காது.

நாற்சார் வீட்டின் நடுமுற்றத்தை மீட்டெடுப்பதாகச் சொல்லி, அதன் மேல் ஒளிபுகும் பிளாஸ்ரிக் தகட்டைப் போட்டு மூடிவிடுவது இன்னொரு பரவலான தவறு. நடுமுற்றம் திறந்திருப்பதால்தான் சுற்றியுள்ள அறைகளின் சூடான காற்று மேலே போகிறது. மூடியதும் அது செடி வளர்க்கும் கண்ணாடிக்கூடமாகிவிடுகிறது. கொழும்பில் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 1962இல் கட்டி முடித்த எனா டி சில்வா இல்லம், நெருக்கமான நகரக் காணியிலும் முற்றத்தைத் திறந்தே வைத்து அறைகளை அதைச் சுற்றி அமைக்கலாம் என்று காட்டியது. மழைக்கு அஞ்சுவோர், முற்றத்தைச் சிறிது தாழ்த்தி, நீர் வடியும் குழாயை வெளியே கொண்டுசென்று, சுற்றிலும் தாழ்வாரத்தை அகலமாக விட்டால் போதும்.

கொங்கிறீற் தட்டைக் கூரை படத்தில் எடுப்பாக இருக்கும். அது பகல் முழுதும் சேமித்த வெப்பத்தை இரவில் படுக்கையறைக்குள் விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்கினால் ஒழுகவும் செய்யும். தட்டைக் கூரைதான் வேண்டுமென்றால், குறைந்தது 80க்கு 1 என்ற சரிவும் நீர்க்காப்புப் பூச்சும் வெப்பத்தடுப்பும் செலவுப் பட்டியலில் முதலிலேயே இருக்க வேண்டும். சரிந்த ஓட்டுக்கூரையைப் பழமை என்று ஒதுக்குவோர் அதன் இடுக்குகளால் காற்று போய்வருவதை மறந்துவிடுகிறார்கள்.

உள்ளலங்காரத்தில், திறந்த சமையலறையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கறித்தூளுக்கு மிளகாய் வறுக்கும் வீட்டில் அது நீடிக்காது; ஓராண்டுக்குள் பின்வளவில் தகரக் கொட்டிலில் இரண்டாவது குசினி ஒன்று முளைக்கும். அதை முதலிலேயே மதிப்பாகக் கட்டிவிடுவது நல்லது. கீழே தாங்கலின்றி மிதப்பதுபோல் தெரியும் கைப்பிடியற்ற படிக்கட்டும், வயோதிபப் பெற்றோருக்கான அறையை மாடியில் வைப்பதும் ஒன்றுசேர்ந்தால் ஆபத்து.

பொருட்தெரிவில் யாழ்ப்பாணத்து நீரும் உப்புக்காற்றும் தீர்ப்பு வழங்கும். சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீர் கடினமானது. குளியலறையின் கண்ணாடித் தடுப்பிலும் கறுப்பு ரைல்ஸிலும் சில வாரங்களில் வெண்படலம் படியும். வெளிர் நிறமும் மங்கலான மேற்பரப்பும் அதைக் குறைவாகக் காட்டும். கடலோரத்தில் வெறும் இரும்புச் சட்டங்களை அழகுக்காகப் பூச்சின்றி விடக்கூடாது. துருப்பிடிக்காத எஃகிலும் 304ஐவிட 316 தரமே அங்கு தாக்குப்பிடிக்கும். உவர்நீரில் கொங்கிறீற் குழைத்தால் உள்ளேயுள்ள கம்பி துருவேறிப் பருத்து, சாந்தைப் பிளந்துவிடும்.

வளவு முழுவதும் இன்ரலொக் கல் பதிப்பதும் தவறுதான். குடாநாட்டின் நிலத்தடி நீருக்கு மழையே மூலம் என்பதால், வண்டி நிற்குமிடத்தை மட்டும் கல்லாக்கி, மற்றதை மண்ணாக விடுவது கிணற்றுக்கு நல்லது.

கடைசியாக, உரிமையாளர் ஆண்டின் பெரும்பகுதி வெளிநாட்டில் இருக்கும் வீடுகள். பூட்டிய வீட்டில் மாரி ஈரம் தங்கி, மரப்பலகைச் சுவர்களிலும் அலுமாரிகளிலும் பூஞ்சணம் பிடிக்கும். குளிரூட்டியை நம்பி யன்னல்களைத் திறக்கமுடியாத முழுக்கண்ணாடியாக வைத்தவர்களுக்கு இதற்கு வழியே இல்லை. ஒவ்வோர் அறையிலும் யன்னலுக்கு மேலே வலையடித்த சிறு காற்றுவழியாவது விட்டால், திறப்பு ஒருவர் கையிலும் இல்லாத நாட்களிலும் வீட்டுக்குள் காற்று நடமாடும்.